ஓம், வாங்கோ

கயாக் பயணத்துக்கு ஒரு கூட்டம் போனால் கூட்டிப்போகிறவர் இரண்டு பேர் இருக்கவேண்டும். ஒருவர் முன்னால் போய் வழி காட்டுவார். மற்றவர் கடைசியில் நின்று ஒருவரும் பிந்திப் போகாமல் பார்ப்பார். சுருவில் கரையில் இந்தத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து முன்னால் பவதாரணி, பின்னால் கஜானி. அன்றைக்குக் கஜானிக்குக் காய்ச்சல். காலை ஆறு மணிக்கே பவதாரணி முதலாளி சர்வேஸ்வரனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, கஜானிக்கு ஏலாதாம். வேற ஆளை அனுப்புங்கோ. இல்லாட்டி இண்டைக்கு விடுவம்."

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? முழங்கால் தண்ணிக் கடல். கோழிக்குஞ்சு நடந்து போகும். சுவிஸ் ஆக்கள், ஒரு மாதத்துக்கு முன்னமே பதிஞ்சவை. கம்பஸ் முடிச்ச பெட்டை, ஏழு பேரை மேய்க்கமாட்டீரோ?"

கம்பஸ் முடித்தவள் என்பதை அவர் புகழவும் பாவிப்பார், குத்தவும் பாவிப்பார். வேலி அடைக்கிற கந்தையாவின் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள். புவியியல் சிறப்பு. நாலு வருடம் அரச வேலைக்குக் காத்திருந்துவிட்டு இந்தக் கரைக்கு வந்தாள். அம்மா அயலில் "பிள்ளை சுற்றுலாவில வேலை" என்றுதான் சொல்லி வைத்திருந்தா. கடலில் துடுப்புப் போடுகிற வேலை என்று வாய் திறக்கவில்லை.

பத்து மணிக்கு வான் வந்தது. தயாபரன், அறுபத்தொரு வயது, முப்பத்தைந்து வருடம் சுவிஸ். அவருடைய மனுசி சறோஜினிதேவி. மகள் நிலக்சனா. சறோஜினிதேவியின் தம்பி கிருபானந்தனும் அவர் மனைவியும். இவர்களோடு சேராமல் வவுனியாவிலிருந்து வந்த வங்கிப் பெடியள் இரண்டு பேர். தாயும் மகளும் ஒரு கயாக்கில், கிருபானந்தன் சோடி ஒன்றில், பெடியள் ஒன்றில். தயாபரன் தனியாக ஒன்று கேட்டு, மஞ்சள் நிறத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, சுறா கிறா இருக்கோ?" என்றான் பெடியளில் ஒருவன்.

"இல்லை. சுரி இருக்கு. இறங்கினியளெண்டால் காலைத் தரும், சப்பாத்தைத் தராது."

எல்லாரும் சிரித்தார்கள். சறோஜினிதேவி சிரிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, போனைத் தாங்கோ. உங்களிட்ட இருந்தா தண்ணிக்குள்ளதான் போகும்" என்று புருசனின் போனை வாங்கித் தன் தண்ணி புகாத பைக்குள் போட்டுக்கொண்டா.

போகும்போது ஒரு குறையும் இல்லை. காற்று இன்னும் எழும்பவில்லை. கடலடியில் வளர்கிற சாதாளைப் புல் மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மீன் பிடிக்கக் களங்கண்ணி வலை கட்டிய கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. மணற்திட்டியில் இறங்கிச் சாப்பிட்டார்கள். பெடியள் படம் எடுத்தார்கள். நிலக்சனா நண்டுக்குஞ்சைத் துரத்தினாள். தயாபரன் மட்டும் தென்மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பனைகள் ஒரு கோடாகத் தெரிந்தன.

"அது எங்கட இறுப்பிட்டியெல்லோ பிள்ளை?"

"ஓம் அங்கிள்."

"அண்ணை அங்கதான் இருக்கிறார். வல்லிபுரம். இருபத்திரண்டு வருசம் கதைபேச்சில்லை. காணிப் பிரச்சினை. சறோ அந்த வளவில கால் வைக்க விடமாட்டா, போன கிழமையும் சத்தியம் வாங்கினவ." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதால போனா எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

ஆழமில்லாத இந்தக் கடலில் தோணி போகிற ஒவ்வொரு ஓடையும் பவதாரணிக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல யாராவது கேட்டால் அவளுக்கு ஒரு புளுகம், ஒரு சந்தோசம். நாலு வருடம் ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"அரை மணித்தியாலம் காணும் அங்கிள்" என்றாள்.

அது விடியற்காலையில், காற்றில்லாத நேரத்தில், அவளுக்கு எடுக்கும் அரை மணித்தியாலம். அதை அவள் சொல்லவில்லை. ஒரு கதைக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தாள். அப்போது பெடியளில் ஒருவன் துடுப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கத்தினான். அவள் அதைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

மூன்று மணி தாண்டித் திரும்பினார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோழகம் எழும்பியிருந்தது. ஆடி மாதத்துச் சோழகம் பின்னேரமானால் யாரையும் கேட்டு வீசுவதில்லை. சுருவிலுக்குப் போகிறவனுக்கு அது முதுகில். எதிர்ப்பக்கம் போகிறவனுக்கு முகத்தில். பவதாரணி முன்னால் போனாள். அந்த இடத்தில் ஓடை வளைந்து வளைந்து போகும். விட்டால் களங்கண்ணி வலைக்குள் கொண்டுபோய்ச் செருகும். முன்னுக்கு ஆள் இல்லாமல் முடியாது. பின்னுக்கு ஆள் இல்லாமலும் முடியாதுதான்.

ஐந்து நிமிடம் போயிருக்கும். கடைசியில் வந்த தயாபரன் கையில் துடுப்பை உயர்த்திக் காற்றுக்கு மேலால் கத்தினார்.

"பிள்ளை! அப்ப நான் வாறன்!"

"ஓம், வாங்கோ!" என்று கத்திவிட்டுப் பவதாரணி வளைவில் திரும்பினாள்.

இந்த ஊரில் ஒருவரும் "போறன்" என்று சொல்வதில்லை. சுடலைக்குப் போகிறவனும் "வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் படலையைத் திறப்பான். பின்னால் வருகிறவனுக்கும் வாறன், விட்டுப் போகிறவனுக்கும் வாறன். பிறந்த நாளிலிருந்து கேட்ட சொல். அந்த நேரத்தில் காதுக்குள் போனது ஒரு வாறன்தான். பின்னால் வருகிற வாறன்.

களங்கண்ணிக் கம்புகளைத் தாண்டித் திரும்பிப் பார்த்து எண்ணினாள். மூன்று கயாக். மறுபடி எண்ணினாள். மூன்றுதான். வெயில் எதிரே நின்று கண்ணைக் குத்தியது. தண்ணீர் முழுக்கத் தகரம் மாதிரி மினுங்கியது. மஞ்சள் நிறத்தில் ஒன்றுமில்லை.

விசிலை ஊதினாள். ஊதிய சத்தம் அவளுடைய முகத்துக்கே திரும்பி வந்தது. அந்தக் கணத்தில்தான் "அப்ப" என்ற சொல் நினைவுக்கு வந்தது. *அப்ப* நான் வாறன். பின்னால் வருகிறவன் ஏன் அப்ப என்று சொல்லப்போகிறான்?

"அப்பா எங்க?" என்றாள் நிலக்சனா.

சறோஜினிதேவி திரும்பினா. திரும்பிய வேகத்தில் கயாக் ஒரு பக்கம் சரிந்தது. "இவர் எங்க? இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!"

"அன்ரி, ஆடாதேங்கோ. இறுப்பிட்டிப் பக்கம் போயிருப்பார்."

"அவர் ஏன் அங்க போறார்? எனக்குச் சத்தியம் செய்து தந்தவர்! திருப்பும், திருப்பும் பிள்ளை, விழுந்திட்டார், அவருக்கு நீந்தத் தெரியாது!"

திருப்ப முடியாது. திருப்பினால் காற்று விலாவில் பிடிக்கும். அனுபவமில்லாத மூன்று சோடியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரளும். இவர்களைத் திட்டியில் இறக்கிவிட்டுத் தேடப்போகவும் ஏலாது, திட்டி காற்றுக்கு எதிரே கிடந்தது. இவர்களை இப்படியே விட்டுவிட்டு அவள் திரும்பினால் ஆறு பேரும் வலைக்குள். ஒருவருக்காக ஆறு பேர், ஆறு பேருக்காக ஒருவர். பின்னால் கஜானி நின்றிருந்தால் இந்தக் கணக்கே வந்திராது.

பவதாரணி தாயும் மகளும் இருந்த கயாக்கின் முன்கயிற்றை எடுத்துத் தன்னுடையதில் கட்டினாள். கட்டிக் கரைப்பக்கம் இழுத்தாள்.

"என்ன செய்யிறீர்? என்ன செய்யிறீர் நீர்? மனிசனை விட்டிட்டு என்னை எங்க இழுக்கிறீர்?" சறோஜினிதேவி துடுப்பால் எட்டி அடித்தா. ஒரு அடி பவதாரணியின் தோளில் விழுந்தது. இன்னொன்று தண்ணீரில். "கொலைகாரி! கயிறை அவிழ்!"

"அம்மா, நிப்பாட்டுங்கோ!" என்று நிலக்சனா அழுதாள்.

பவதாரணி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணை அவளுடைய புருசனிடமிருந்து பிரித்துக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டும் தெரிந்து என்ன, கை வலித்தது. ஐம்பது நிமிடம் அப்படியே இழுத்தாள்.

கரையில் ஆட்களை இறக்கியதும் அவசர இலக்கத்துக்கு எடுத்தாள். விபரம் எழுதினார்கள், துறையிலிருந்து படகு சுற்றி வரவேணும், வெளிக்கிடுது என்றார்கள். பொறுக்க முடியாமல் தனியே திரும்ப ஏறித் துடுப்பைப் போட்டாள். பத்து நிமிடம் உயிரைக் கொடுத்துப் போட்டாள். தலையை நிமிர்த்தினாள். பக்கத்தில் நின்ற கம்பு பக்கத்திலேயே நின்றது. அதில் இருந்த நீர்க்காகம் அவளைப் பார்த்தது.

முப்பது வயது, தினம் துடுப்புப் போடுகிற கை. இந்தக் கை முன்னேற முடியாத காற்றில் அறுபத்தொரு வயது மனுசன். அரை மணித்தியாலம் காணும் அங்கிள்.

காற்று அவளைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் போட்டது.

அந்தக் கரையில் மீன் பிடிக்கிற கிறிஸ்தோப்பர் தன்னுடைய இயந்திரப் படகின் பக்கத்தில் குந்தியிருந்தார். படகு சேற்றில் வயிறு தட்டிக் கிடந்தது. "வத்துப் பிள்ளை. தள்ளிப் பாத்தனான், அசையேல்லை. தண்ணி ஏற ஆறு மணியாகும். அதுக்கு முன்னம் எஞ்சினை இறக்கினா சுரியைத்தான் உழலாம்."

"அண்ணை, ஆக்களைச் சேர்த்துத் தூக்குவம்."

"எட்டுப் பேர் வேணும். அதுவும் தூக்கி எங்க வைக்கிறது? இருநூறு யார் தூரத்துக்கு இதே சேறு." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "உந்தப் பிளாஸ்டிக் தோணியில கிழவனைத் தனிய விட்டிருக்கக் கூடாது."

அது அவளுக்கும் தெரியும்.

சறோஜினிதேவி மணலில் காலை நீட்டி இருந்தா. தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. பவதாரணி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அன்ரி, வல்லிபுரம் அங்கிளின்ர நம்பர் இருக்கோ? ஒருக்காக் கேட்டுப் பாப்பம்."

"அந்த வீட்டுக்கு நான் போன் எடுக்கிறதோ?" அழுகைக்குள்ளும் குரல் ஏறியது. "என்ர மனிசன் கடலுக்குள்ள கிடக்கிறார், நான் அவங்களிட்டப் பல்லைக் காட்டுறதோ? அவர் அங்க போகேல்லை. போகமாட்டார்."

"அக்கா, உயிரெல்லோ" என்றார் கிருபானந்தன்.

"நீ வாயை மூடு."

அப்போதுதான் சர்வேஸ்வரனின் கார் வந்து நின்றது. பவதாரணி போனில் சொன்னதும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே மூச்சாக ஓட்டி வந்திருந்தார். கையில் பயணத்துக்கு முன் எல்லாரும் கையெழுத்துப் போட்ட படிவங்கள். பவதாரணியைக் காருக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அந்தாள் கடைசியா என்ன சொன்னது?"

"வாறன் எண்டவர்."

"நீர்?"

"ஓம், வாங்கோ எண்டனான்."

அவர் படிவத்தைப் புரட்டி ஒரு வரியில் நகத்தை வைத்தார். வழிகாட்டிக்கு அறிவித்துவிட்டுக் குழுவை விட்டுப் பிரிகிறவருக்கு நிறுவனம் பொறுப்பல்ல. "சரி. நடந்ததை ஒரு தாளில எழுதும். 'நான் போகிறேன் என்று அறிவித்துவிட்டுப் பிரிந்து சென்றார்.' பொலிஸ் வரமுன்னம் எழுதும்."

"அண்ணை, போறன் எண்டு அவர் சொல்லேல்லை. இந்தத் தீவில போறன் எண்டு ஆர் சொல்லுறது? வாசிக்கிறவன் சிரிப்பான்."

"அப்ப வாறன் எண்டதையே எழுதும். 'வருகிறேன் என்றார்.' அப்பிடி எழுதினா என்ன விளங்கும்? உம்மட பின்னால வந்தவர், நீர் விட்டிட்டு வந்தனீர். விளங்குதோ? எனக்கில்லை, உமக்குத்தான் சொல்லுறன்."

அவர் சொன்னது சரி. எழுத்தில் போட்டால் அந்தச் சொல் இரண்டாகப் பிளந்தது. ஒன்றில் அந்த மனுசன் தானே போனவர், மற்றதில் அவள் கைவிட்டவள். காதில் கேட்டது இரண்டும் அல்லாத ஒன்று. அதற்கு எழுத்து இல்லை. பல்கலைக்கழகத்தில் நூற்றிருபது பக்கத்துக்கு ஆய்வு எழுதியவள், ஒரு வரி எழுத முடியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டியில் நடந்த கதையை அவள் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் சறோஜினிதேவியின் அவிழ்ந்த தலை கண்ணில் பட்டது.

பின்னால் நிலக்சனாவின் குரல் கேட்டது. காருக்கு மறைவில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"பைரவி, அப்பா அங்க வந்தவரோ? ... இல்லையோ?"

பைரவி வல்லிபுரத்தின் மகள். பெரியவர்கள் இருபத்திரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருக்க, பிள்ளைகள் இரண்டும் இரண்டு வருடமாகப் போனில் படம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கின்றன.

நிலக்சனா போனை இறக்கினாள். "வரேல்லையாம் அக்கா."

அப்போது நேரம் நாலே முக்கால்.  அவ்வளவு நேரமும் ஒரு மூலையில் பவதாரணி நம்பிக்கொண்டிருந்தது அந்த வீடுதான். அவர் அங்கே போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார் என்று. இனி நம்ப இடமில்லை.

"பெரியப்பா கரைக்கு ஓடுறாராம்" என்றாள் நிலக்சனா. "பைரவியும் அயலாக்களும் போகினம்."

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. வங்கிப் பெடியள் போக மனமில்லாமல், நிற்கவும் தெரியாமல், உயிர்காப்புச் சட்டையோடேயே நின்றார்கள். கிருபானந்தன் நயினை நாகபூஷணி அம்மனுக்கு நேர்ந்தார். கிறிஸ்தோப்பர் படகின் பக்கத்தில் ஒரு தடியை ஊன்றிவைத்து, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் ஏறியது. பிறகு அந்த ஒரு விரலும் வற்றியது. தேடுதல் படகு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, ஆழமில்லாத இடத்துக்கு வெளியே நின்று மேலும் கீழும் ஓடியது.

ஐந்து ஐம்பதுக்குப் போன் அடித்தது. நிலக்சனா எல்லாருக்கும் கேட்கச் சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

"சறோ! சறோ, பயந்திட்டியோ?"

சறோஜினிதேவி எழும்பவில்லை. மணலில் நாலு காலில் தவழ்ந்துதான் போனுக்கு வந்தா.

"எனக்கொண்டுமில்லை. காத்து ஏறவிடேல்லை, ஒரு களங்கண்ணிக் கம்பைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பேந்து சுரிக்குள்ள இழுத்து இழுத்து வந்தன். அண்ணைதான் இடுப்புத் தண்ணியில வந்து தூக்கினவர். அழுறார் இஞ்ச. நான் என்ன, சொல்லாமலோ வந்தனான்? பிள்ளைக்குச் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். அப்ப வாறன் எண்டன், ஓம் வாங்கோ எண்டவ." அவர் சிரித்தார். மூச்சு இரைத்தது. "அரை மணித்தியாலம் எண்டவ, பொய்க்காரி! ரெண்டரை மணித்தியாலம் எடுத்தது!"

கரையில் நின்ற அத்தனை முகமும் பவதாரணிப் பக்கம் திரும்பின.

"நீர் அவருக்கு வழி சொன்னனீரோ?" என்றா சறோஜினிதேவி.

"ஓம் அன்ரி. கேட்டவர், நேரம் சொன்னனான். போகச் சொல்லேல்லை."

"இவ்வளவு நேரமும் எனக்கு முன்னால இருந்தனீரே. ஒரு சொல்லுச் சொன்னனீரோ?"

"இறுப்பிட்டிக்குப் போயிருப்பார் எண்டு கடலுக்குள்ளயே சொன்னனான். நீங்கள்தான்..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. அவளைக் கேட்க அங்கே ஒருவரும் நிற்கவில்லை. சறோஜினிதேவி ஏற்கெனவே போனுக்குத் திரும்பி, "அண்ணை வீட்டில உடுப்பு மாத்தத் தந்தவையோ? ஈரத்தோட இருக்காதேங்கோ, நாங்கள் வானில வாறம்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. கொண்டை போட்டுக்கொண்டே வானில் ஏறினா. துடுப்பால் அடித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நிலக்சனா மட்டும் கதவருகில் நின்று, "சொறி அக்கா" என்றாள். அவளுக்கு அந்த ஒரு சொல்தான் வந்தது. பவதாரணிக்கு அதுவும் பெரிய காரியமாகத்தான் பட்டது.

வான் போனது. சர்வேஸ்வரன் அவள் கையிலிருந்த வெறுந்தாளை வாங்கிக் கசக்கினார். அவருடைய முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

"அப்பாடா. நல்ல காலம், ஒண்டும் நடக்கேல்லை."

"நடந்தது அண்ணை."

"என்ன நடந்தது? ஆள் உயிரோட தமையன் வீட்டில நிக்குது. இருபத்திரண்டு வருசப் பகை தீர்ந்திருக்கு. நீர் புண்ணியம் செய்திருக்கிறீர் பிள்ளை." அவர் கடலைப் பார்த்தார். "உண்மையில யோசிச்சா, தங்கட தங்கட ஊருக்குக் கடலால போய் இறங்கிற மாதிரி ஒரு பயணம் விட்டா வெளிநாட்டு ஆக்கள் விழுந்தடிச்சு வருவினம்."

"கஜானி நிண்டிருந்தா இது நடந்திராது. இனி ரெண்டு பேர் இல்லாமல் நான் இறங்கமாட்டன்."

"இண்டைக்குத் தனியத்தானே ஆறு பேரையும் கரை சேர்த்தனீர்? ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பிறகென்னத்துக்கு ரெண்டாவது ஆள்?"

 அந்த மனுசன் செத்திருந்தால் குற்றவாளி அவள். சாகாததால் சாட்சியும் அவளே. அவளால் தனியே ஏலும் என்பதற்குச் சாட்சி. எந்தப் பக்கத்தால் போனாலும் வந்து முட்டுகிற சுவர் ஒன்றுதான். வேலையை விடுகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவள் விட்டால் நாளைக்குக் கஜானியை அனுப்புவார். பத்தொன்பது வயது, காய்ச்சலோடும் வருவாள், வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள்.

"கயாக்குகளைக் கழுவி அடுக்கிப்போட்டுப் போம். இறுப்பிட்டியில கிடக்கிறதை விடிய பஸ்ஸில போய்த் துடுப்புப் போட்டுக் கொண்டு வாரும்" என்றுவிட்டுச் சர்வேஸ்வரன் காரை எடுத்தார்.

பவதாரணி நாலு கயாக்குகளையும் கழுவினாள். அடி விழுந்த தோள் தூக்க விடவில்லை. கிறிஸ்தோப்பர் ஒன்றும் கேளாமல் மறுமுனையைப் பிடித்தார். இருட்டுப்பட முன் போனில் செய்தி வந்தது. நாளைப் பின்னேரத்துக்கான பட்டியல். சாட்டிக் கடற்கரைக்கு வந்து தங்கியிருக்கிற ஒரு கூட்டம். பதினாலு பெயர்.

அவள் சேறு பிடித்த விரலால் எழுதினாள்: பின்னால ஆர்?

சர்வேஸ்வரன் உயர்த்திய பெருவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார்.